கடலோர வீட்டில் பிலோடென்ட்ரான்: ஈரமான ஊரில் இலை ஏன் கருகுகிறது?

கீழக்கரையில் கடலைப் பார்த்த மாடி வீடு. பால்கனியில் 8 அங்குலத் தொட்டியில் இதய வடிவ இலை கொண்ட பிலோடென்ட்ரான். தினமும் காலையில் போர் தண்ணீர், மாலையில் இலைக்கு ஸ்பிரே. வாங்கி வந்தபோது பளபளவென்று இருந்த செடிக்கு இப்போது இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகி, ஓரம் சுருண்டு, புதிதாக வரும் இலை முந்தையதைவிடச் சின்னதாக வருகிறது. "ஈரப்பதம் பிடித்த செடி என்கிறார்கள். எங்கள் ஊரில் ஈரப்பதத்துக்கு என்ன குறை? ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவது, ஏசி அறைக்குள் மாற்றிவிடட்டுமா, பரமக்குடியில் இருக்கும் அக்காவுக்கு ஒரு கிளை வெட்டிக் கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விகளுக்கு அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தச் செடி கேட்பதெல்லாம் நம் ஊர்க் காற்றிலேயே இருக்கும்போது, அது ஏன் தேய்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை வரிசையாக விடுபடும்.

நான் தோட்டக்கலை படித்தவன். உச்சிப்புளிப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்து, தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை வீடுகளுக்குச் செடி கொடுத்துவருகிறேன். ஆனாலும் நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோவை வைத்துச் சொல்லும் பதிலுக்கு ஒரு எல்லை உண்டு. வேர் எப்படி இருக்கிறது என்று போட்டோ காட்டாது. தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்றும் காட்டாது. அதனால் எது உறுதி, எது ஊகம், எதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிரித்தே சொல்கிறேன். நான் முதலில் சந்தேகப்படுவது உப்பை. போர் தண்ணீரில் வரும் உப்பு, கடல்காற்றில் வரும் உப்பு, சில சமயம் தொட்டிக் கலவையிலேயே வரும் உப்பு. தண்ணீர் எத்தனை தடவை என்பதெல்லாம் இதற்கு அப்புறம்.

முதலில் செடியின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். பிலோடென்ட்ரான் மத்திய, தென் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் உள்ள மழைக்காடுகளுக்குச் சொந்தமானது. ஏறக்குறைய 500 இனங்கள் உண்டு. நம் சேனைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இதே குடும்பம்தான். பெரும்பாலான இனங்கள் மரத்தைப் பற்றி ஏறுபவை. பட்டையின் இடுக்கிலும் அதில் மக்கிய இலைச் சருகிலும் வேர்விட்டு வாழ்பவை. அந்த வேருக்குக் கிடைப்பது மரத்தில் வழிந்து வரும் மழைத்தண்ணீர். அதில் உப்பும் சுண்ணாம்பும் இல்லை என்றே சொல்லிவிடலாம். தண்ணீர் வரும், வடிந்துபோகும், உடனே வேரைச் சுற்றிக் காற்று ஓடும். இந்த மூன்றும் நினைவில் இருந்தால் போதும், தொட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

நீங்கள் வைத்திருப்பது பிலோடென்ட்ரான்தானா, மணி பிளான்ட்டா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைகளில் இரண்டையும் மாற்றிக் கொடுப்பது சகஜம். பிலோடென்ட்ரானில் புதுத் துளிர் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்து வெளியே வரும். இலை விரிந்ததும் அந்த உறை காய்ந்து உதிரும். மணி பிளான்ட்டில் அப்படித் தனி உறை இருக்காது. முந்தைய இலையின் காம்பிலிருந்தே புது இலை சுருள் பிரியும். உங்கள் இரண்டாவது போட்டோவில் காய்ந்த உறை ஒன்று தண்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் பிலோடென்ட்ரான் என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். மணி பிளான்ட்டாக இருந்திருந்தால் இந்தக் கொடுமையை இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

இப்போது ஈரப்பதம். நீங்கள் சொல்வது சரி, நம் கடற்கரையில் அதற்குப் பஞ்சம் இல்லை. பாம்பன் பக்கமெல்லாம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் 70 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். இந்தச் செடிக்கு 50, 60 இருந்தாலே போதும். ஆகவே ஈரப்பதக் குறைவால் நுனி கருகுகிறது என்று வடக்கத்திக் குளிர் ஊர்க்காரர்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது. அவர்கள் வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது, உங்கள் வீட்டில் ஜன்னல் திறந்திருக்கிறது. வெக்கையும் தனியாகக் கொல்லாது. 18 முதல் 30 டிகிரி வரை இதற்குச் சுகமான நிலை. சித்திரை, வைகாசியில் 35 தாண்டும்போது வளர்ச்சி நின்று செடி சும்மா உட்கார்ந்திருக்கும், நிழலும் ஈரமும் இருந்தால் செத்துப்போகாது.

மிச்சம் இருப்பது உப்பு. கருவாடு போடும் ஊரில் இதை விளக்குவது சுலபம். மீனில் உப்பைத் தடவினால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது அல்லவா, அதே வேலைதான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. மண்ணில் உப்பு ஏற ஏற, வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தாகத்தில் வாடும். பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே போர் தண்ணீரை இன்னொரு செம்பு ஊற்றுவார். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் இருந்த உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கும். நாளுக்கு நாள் இது ஏறிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம், வேருக்குள் புகுந்துவிட்ட சோடியமும் குளோரைடும் தண்ணீரோடு மேலே ஏறி, தண்ணீர் ஆவியாகும் கடைசி இடமான இலை நுனியிலும் ஓரத்திலும் போய்ச் சேர்கின்றன. முதலில் நுனி, பிறகு ஓரம், கடைசியில் நடு என்ற வரிசையில் கருகுவது அதனால்தான். உங்கள் போட்டோவில் தெரிவது அச்சாக இந்த வரிசை. வயதான இலைகளில் அதிகமாகவும் இளசில் குறைவாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் பழைய இலைதான் அதிக நாள் உப்பு வாங்கியது.

சோதிப்பது கஷ்டமில்லை. மண்ணின் மேற்பரப்பிலும் தொட்டி விளிம்பிலும் அடித்தட்டிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி போர் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். பக்கத்தில் குடிக்கிற தண்ணீரையும் அப்படியே காயவிடுங்கள். மிஞ்சும் வெள்ளைப் படலமே பேசும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, செடி வளர்ப்பவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. மனிதருக்கு அனுமதித்த அந்த 2000 இந்தச் செடிக்கு மெல்ல விஷம். நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: 300க்குள் இருந்தால் கவலையில்லை. 600 வரை அவ்வப்போது தொட்டியை அலசிவிட்டால் சமாளிக்கலாம். 1000 தாண்டினால் அந்தத் தண்ணீர் இந்தச் செடிக்கு வேண்டாம். இது பழக்கத்தில் வந்த கணக்கு, ஆய்வுக்கூடத்து எல்லைக்கோடு இல்லை. ஒரு விஷயம் கவனியுங்கள்: நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். அதே கிணறு மார்கழியில் ஒரு மாதிரி, ஆனி ஆடியில் ஒரு மாதிரி. ஒரே தடவை அளந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

உப்பு இல்லாமல் வேறு என்னவாக இருக்கலாம்? தினமும் ஊற்றுவதாகச் சொன்னதால் வேர் அழுகலும் என் பட்டியலில் உண்டு. இரண்டும் சேர்ந்தே வரவும் செய்யும், உப்பில் அடிபட்ட வேரைப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். தொட்டியைக் கவிழ்த்துச் செடியை மெதுவாக உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும். அழுகியது கறுத்து, தொட்டால் குழைந்து, மேல்தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் கையில் வரும், நாற்றமும் அடிக்கும். அதையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட வேண்டும். இலையில் நீர்க்கோத்த மாதிரி புள்ளி வந்து, மஞ்சள் வளையத்தோடு பரவி, அழுகல் வாடை அடித்தால் அது பாக்டீரியா. அந்த இலையை உடனே எடுத்துவிட்டு ஸ்பிரேயை நிறுத்துங்கள். அடி இலை ஒன்று மட்டும் மொத்தமாக மஞ்சளாகி விழுந்தால் அது வயது, அதற்கு வைத்தியம் தேவையில்லை. காலையில் நுனியில் ஒரு துளி நீர் தொங்கினாலும் பயப்படாதீர்கள். இரவில் வேர் இழுத்த மிச்சத் தண்ணீரை இலை அப்படித்தான் வெளியே விடும்.

சரி, நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? லாரி தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்கிக் குடிக்கும் ஊரில், செடிக்கும் அதையே ஊற்று என்று சொல்ல எனக்கே மனம் வராது. கணக்குப் போட்டால் அவ்வளவு தேவையும் இல்லை. 8 அங்குலத் தொட்டிக்கு ஒரு தடவைக்கு 1 லிட்டர், வாரத்துக்கு 2 தடவை. மழை நின்றபின் தை மாதத்திலிருந்து புரட்டாசி வரை ஏறக்குறைய 35 வாரம் என்று வைத்தால் 70 லிட்டர், அதாவது ஐந்து குடம். ஒரு 200 லிட்டர் டிரம் நிறைய மழைத்தண்ணீர் பிடித்துவைத்தால் இந்த மாதிரி கிட்டத்தட்ட மூன்று தொட்டிக்கு வருடம் ஓடிவிடும். 10 சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் கிடைக்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழைக்கே இது வந்துவிடும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, அதன் வாயில் டிரம்மை வைத்தால் போதும். ஒரு கண்டிப்பு: சீசனின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். மாதக்கணக்கில் மாடியில் படிந்த கடல் உப்பையும் புழுதியையும் அது கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். டிரம் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் செடி பிழைக்கும், வீட்டில் டெங்கு வரும்.

மழை வரும்வரைக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இருக்கிறது. காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம் கடலோரப் புழுக்கத்தில் ஒரு இரவுக்கே ஒரு பாத்திரம் நிறையும். சர்வீஸ் செய்த அன்று வருவதை மட்டும் கீழே ஊற்றிவிடுங்கள், சோப்பும் ரசாயனமும் கலந்திருக்கும். ஆர்ஓ மிஷினில் குடிக்க வரும் தண்ணீர் செடிக்கு நல்லது. அது வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் நேர் எதிர், வந்த உப்பெல்லாம் திரண்டு அதில்தான் இருக்கும். வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் உப்பு போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடும். ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு அப்படியே இருக்கும். வினிகர் விட்டால் காரத்தன்மை குறையும், உப்பு குறையாது. ஆகவே கலப்பதுதான் வழி: நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் இரண்டு பங்கு மழைத்தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்த்து அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது இருக்கும் உப்பை வெளியேற்ற வேண்டும். வேர் நன்றாக இருந்தால் தொட்டியை அலசினால் போதும். உங்கள் தொட்டி 4, 5 லிட்டர் பிடிக்கும். 10 லிட்டர் நல்ல தண்ணீரை அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். வடிந்ததைத் தட்டில் தேங்கவிடக் கூடாது. மீட்டர் இருந்தால் முதலில் வடிந்ததையும் கடைசியில் வடிந்ததையும் அளந்து பாருங்கள். எவ்வளவு இறங்கியது என்று கண்ணால் காணலாம். வேர் கெட்டிருந்தால் கலவையை மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

கலவை விஷயத்தில் நம் மாவட்டம் கொடுத்துவைத்தது. சீமைக்கருவேல மூட்டத்துக் கரி முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கமெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பெரிய நகரங்களில் செடிக்கரி என்று சின்ன பாக்கெட்டில் விலைக்கு வாங்குகிறார்கள். அரை அங்குலத் துண்டுகளாக உடைத்து, சாம்பல் போகக் கழுவி எடுத்தால் போதும், சாம்பல் காரம் கூட்டும். கரி உப்பை உறிஞ்சிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள், கரைந்த உப்பை அது பிடிக்காது. அதன் வேலை வேரைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுவது. தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, கரி ஒரு பங்கு, கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு என்பது என் கலவை. கோகோபீட்டில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு, உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்தால் இன்னும் அதிகம். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் தொட்டியில் போடக் கூடாது. போர் தண்ணீரில் அலசிப் பயன் இல்லை. களிமண்ணும் செம்மண்ணும் இந்தச் செடிக்கு வேண்டாம். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கும்.

கிளிஞ்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. போட்டோவில் தொட்டி மேலே அழகுக்காக வெள்ளைக் கற்கள் பரப்பியிருக்கிறீர்கள், ஒன்றிரண்டு பவளப்பாறைத் துண்டு மாதிரித் தெரிகிறது. அது முழுக்கச் சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கரைந்து மண்ணைக் காரமாக்கும். இந்தச் செடிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும், காரம் ஏறினால் இரும்புச்சத்து கிடைக்காமல் புது இலை வெளிறிப்போகும். பழைய வீட்டுச் சுவரிலிருந்து விழுந்த துண்டாகக்கூட இருக்கலாம், இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் அந்தக் கல் உண்டு. கரையில் பொறுக்கியதாக இருந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு: பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, எதிரே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. எப்படிப் பார்த்தாலும் தொட்டியில் அதற்கு வேலை இல்லை.

அடுத்தது காற்று. கீழக்கரையில் கடல் தெற்கே. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது உங்கள் பால்கனிக்கு நேராக உப்பைத் தூவிக்கொண்டு வரும். பாம்பன் பாலத்தில் 1914இலிருந்து இரும்பு துருவோடு மல்லுக்கட்டியது இதே காற்றால்தான். மெல்லிய இலை எம்மாத்திரம்? ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால் அவர்களுக்கு வாடைக்காலத்தில் தொல்லை. பூவரசும் புன்னையும் தாழையும் இந்தக் காற்றில் நிற்கின்றன என்றால் அவற்றின் இலை அதற்கென்றே தடித்தது. காட்டுக்குள் மரநிழலில் வளர்ந்த செடிக்கு அந்தக் கவசம் கிடையாது. ஆகவே கச்சான் காலத்தில் செடி கடல் பக்கப் பால்கனியில் இருக்கக் கூடாது. வீட்டின் வடக்குப் பக்கமோ, கிழக்கு ஜன்னல் ஓரமோ, பழைய வீடாக இருந்து நடுமுற்றம் இருந்தால் அதன் தாழ்வாரமோ நல்ல இடம். முற்றத்துத் தாழ்வாரத்தைவிடப் பொருத்தமான இடத்தை இந்தச் செடிக்கு நான் பார்த்ததில்லை: மேலிருந்து வெளிச்சம் வரும், காற்று சுற்றி வளைந்து வருவதற்குள் உப்பை எங்காவது உதிர்த்துவிட்டிருக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இலையின் இரண்டு பக்கத்தையும் துடைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உள்ளே எடுத்துவையுங்கள். எடுக்க முடியாமல் போய்விட்டால் புயல் ஓய்ந்ததும் முதல் வேலை, இலையெல்லாம் நனைய நல்ல தண்ணீரில் கழுவுவது.

வெளிச்சத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. செடி இருக்கும் இடத்தில் மதியம் கையை நீட்டினால் சுவரில் மங்கலாக நிழல் விழ வேண்டும். நிழலே விழாவிட்டால் இருட்டு, கொடி நீண்டு இலை சிறுக்கும். கூர்மையாக விழுந்தால் வெயில் நேராகப் படுகிறது, இலையில் வெளுத்த திட்டுத் திட்டாகச் சுடும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் பாதகமில்லை. மாடியில்தான் வைக்க முடியும் என்றால் 75 சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஏசி அறை? வைக்கலாம், 24, 25 டிகிரி அதற்குப் பிடித்ததுதான். ஏசி காற்று நேராக இலையில் அடிக்காத மூலையாகப் பார்த்து வையுங்கள். இரவில் ஏசிக் குளிரும் பகலில் பூட்டிய அறையின் வெக்கையுமாகச் செடி மாறி மாறி வாங்குமென்றால் கூடமே மேல்.

எத்தனை தடவை தண்ணீர் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். நாள் கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், அங்கே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விடுங்கள். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் ஊற்றுவதுதான் இருப்பதில் மோசமான முறை. மேலே ஈரம் காயாது, அடியில் உப்பு வெளியேறாது. வெயில் காலத்தில் வாரம் இரண்டு தடவையும், கார்த்திகை மழையில் பத்து நாளைக்கு ஒரு தடவையும் ஊற்ற வேண்டி வரலாம். மழைக்காலத்தில் வெளிச்சம் குறைந்து, மண் காயாமல் கிடக்கும். நம் ஊரில் பிலோடென்ட்ரான் வேர் அழுகிச் சாவது பெரும்பாலும் அந்த மழை மாதங்களில்தான்.

மாலை ஸ்பிரேயை நிறுத்திவிடுங்கள். ஸ்பிரேயால் ஈரப்பதம் கூடுகிறதா என்பதிலேயே வளர்ப்பவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, சில நிமிடத்தில் ஆவியாகிவிடும். நம் ஊரில் அந்த விவாதமே தேவையில்லை: இருக்கிற ஈரம் போதும், போர் தண்ணீர் ஸ்பிரே இலையில் உப்பைப் பூசுகிறது. இந்தச் செடி அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். 1989இல் நாசா செய்த ஆய்வில் பிலோடென்ட்ரானும் இருந்தது உண்மை. ஆனால் அது மூடிய சின்னக் கூண்டுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டில் அந்த அளவு பலன் வேண்டுமென்றால் காடு மாதிரி செடி அடுக்க வேண்டும் என்று 2019இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அழகுக்கு வளருங்கள், அது போதாதா?

உரம் இப்போதைக்கு வேண்டாம். உரமும் உப்புதான், அடிபட்ட வேருக்கு அது இன்னொரு அடி. புது இலை இரண்டு நல்லபடியாக விரிந்தபின், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை கொடுங்கள், அல்லது ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. முருங்கைக்கும் தென்னைக்கும் ஊற்றுங்கள். கடல் மீன் கழுவியது இந்தத் தொட்டிக்கு ஆகாது, பூனையும் வந்து தோண்டிவிடும். மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுக்கலாம், பரவிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து சாயங்காலம் அடிக்கலாம்.

புது இலை சிறுப்பதற்கு உப்பு ஒரு காரணம். இன்னொன்று, கொடி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏறுவதற்குப் பிடி கிடைத்தால்தான் இந்தச் செடிக்கு இலை பெரிதாகும். தொங்கவிட்டால் சிறுக்கும், இது அதன் இயல்பு. பிவிசி குழாயில் தேங்காய் நாரைச் சுற்றி, அதன்மேல் பழைய மீன்வலைத் துண்டை இழுத்துக் கட்டினால் கம்பம் தயார். கடையில் விற்கும் பாசிக் கம்பத்துக்கு இது எந்த விதத்திலும் குறையில்லை. வலையை மட்டும் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பெடுங்கள். கணுவிலிருந்து வரும் காற்றுவேர் நாரில் படும்படி கொடியைக் கட்டிவிட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாகச் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். சேனையை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. சேனையை வேகவைத்துச் சாப்பிடுகிறோம், இதை யாரும் வேகவைப்பதில்லை. குழந்தை கடித்துவிட்டால் வாய் எரிந்து வீங்கும். உடனே வாயைக் கழுவி, வீக்கம் கூடினாலோ விழுங்கக் கஷ்டப்பட்டாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆட்டுக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வாங்கும் எண்ணம் இருந்தால், இதே இதய இலை வகையும் எருபெசன்ஸ் என்ற சிவப்புத் தண்டு வகையும் நம் ஊருக்கு ஓரளவு ஒத்துப்போகும். கொலம்பியக் காட்டுக் குளுமையில் வாழும் குளோரியோசம், மெலனோகிரைசம் மாதிரி வெல்வெட் இலைக்காரர்களை முதல் வருடத்தில் தொட வேண்டாம். பிங்க் காங்கோ என்று முழு இளஞ்சிவப்பு இலையோடு ஆன்லைனில் வருவதை வாங்காதீர்கள். அது ரசாயனம் கொடுத்து வரவழைத்த நிறம், சில மாதத்தில் சாதாரணப் பச்சைக்குத் திரும்பிவிடும். பிங்க் பிரின்சஸ் நிஜமாகவே நிறம் உள்ள வகை, ஆனால் முழுக்க இளஞ்சிவப்பான கிளையில் பச்சையம் இல்லாததால் அது நிலைக்காது.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கண்ணுக்கு உறுத்தினால் பழுப்பில் ஒரு மயிரிழை விட்டுக் கத்தரியுங்கள், பச்சையில் வெட்டினால் புதிதாகக் காயும். செடி தேறுகிறதா என்பதை இனி வரும் இலைதான் சொல்லும். அலசி, தண்ணீரை மாற்றி, இடத்தையும் மாற்றியபின் வரும் முதல் இலை பழைய கோளாறை இன்னும் காட்டலாம். இரண்டாவதும் மூன்றாவதும் நுனி சுத்தமாக விரிந்தால் நோய் உப்புதான் என்பது உறுதி. அவையும் கருகினால் என் ஊகம் தவறு என்று அர்த்தம். அப்போது வேரின் போட்டோவையும் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் எழுதுங்கள், மறுபடி பார்ப்போம்.

அக்காவுக்குக் கிளை இப்போதே வெட்டாதீர்கள், உப்பில் தவிக்கும் கொடியிலிருந்து எடுத்த துண்டு வேர்விடச் சுணங்கும். நல்ல இலை மூன்று வந்தபின், புரட்டாசி வாக்கில் வெட்டுங்கள். கணுவுக்குக் கீழே ஒரு விரல் தள்ளி வெட்ட வேண்டும். கணு இல்லாமல் இலையும் காம்பும் மட்டும் கொடுத்தால் தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும், செடியாகாது. இரண்டு கணு உள்ள துண்டை மழைத்தண்ணீரில் விட்டு, வேர் இரண்டு அங்குலம் வந்ததும் ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புங்கள். பரமக்குடியில் கடல்காற்றுத் தொல்லை இல்லை, அங்கே தண்ணீரை மட்டும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.